அரிசி நிறைஞ்சு போச்சு

2020 ஏப்ரல் 25, சனிக்கிழமை. முந்தின நாள்தான் அறிவிப்பு வந்திருந்தது. ஞாயிறு தொடங்கி புதன்வரை, நான்கு நாட்களுக்குச் சென்னையில் முழு ஊரடங்கு, மளிகைக் கடைகூடத் திறக்காது. ஒரு மாதமாக ஊரடங்குக்குப் பழகியிருந்த ஊர் அன்று காலையில் மொத்தமாகத் தெருவுக்கு வந்துவிட்டது. கூட்டத்தைப் பார்த்து, மதியம் ஒரு மணிக்கு மூட வேண்டிய கடைகளை மூன்று மணிவரை திறந்துவைக்க அனுமதித்தார்கள். கோடம்பாக்கத்தில் எங்கள் தெருமுனை மளிகைக் கடையில் சுண்ணாம்புக் கோட்டால் போட்ட வட்டங்கள் காலுக்கடியில் அழிந்துபோயிருந்தன.

என் முறை வந்தபோது, "அண்ணாச்சி, பொன்னி ஒரு மூட்டை" என்றேன். வீட்டில் பாதி மூட்டை இருந்தது. மூன்று பேர் இருக்கிற வீட்டில் அது மூன்று வாரத்துக்குக் காணும். அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்டேன். எனக்குப் பின்னால் நின்ற அம்மா இரண்டு கிலோ அரிசியும் கால் லிட்டர் எண்ணெயும் கேட்டார். அண்ணாச்சி கையை விரித்தார். "கடைசி மூட்டை சார் எடுத்துட்டாரும்மா. சில்லறையும் காலி. வியாழக்கிழமை வாங்க." அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இப்போது நல்லவிதமாகச் சொல்லிக்கொள்ளலாம். அன்று மூட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன், அவ்வளவுதான்.

ஜூலையில் அந்த மூட்டையைப் பிரித்தபோது வண்டு வைத்திருந்தது. புடைத்து, சலித்து, வெயிலில் போட்டு, பாதியைத்தான் சமைக்க முடிந்தது. மீதி புறாக்களுக்குப் போனது.

நான் செய்தது தப்பா? சட்டப்படி இல்லை. 1955-ஆம் வருஷத்து அத்தியாவசியப் பொருட்கள் சட்டம் பதுக்கல் என்று பார்ப்பது வியாபாரியின் கிடங்கைத்தான். அரசு இருப்பு வரம்பு விதித்தால் மொத்த வியாபாரிக்கு இத்தனை டன், சில்லறை வியாபாரிக்கு இத்தனை என்றுதான் ஆணை வரும். என் சமையலறைப் பரணில் இருக்கும் மூட்டையை யாரும் எண்ண வரமாட்டார்கள். காசு கொடுத்தேன், வரிசையில் நின்றேன், யாரையும் தள்ளவில்லை. ஆனாலும் அந்த வண்டு வைத்த அரிசியைச் சலிக்கும்போது ஏதோ ஒன்று உறுத்தியது. ஜான் லாக் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி சொத்துரிமைக்கு ஒரு வரம்பு சொல்லியிருக்கிறார்: கெட்டுப்போவதற்குள் எவ்வளவைப் பயன்படுத்த முடியுமோ அவ்வளவுதான் உன் பங்கு, அதற்குமேல் எடுத்தது அடுத்தவனுடையது. பணம் வந்தபிறகு அந்த வரம்பு தளர்ந்துவிட்டது என்றும் அவரே சொல்லிவிடுகிறார், அது வேறு கதை. எனக்கு அந்த முதல் பாதியே போதுமாக இருந்தது. புறாவுக்குப் போன பத்து கிலோவில் அந்த அம்மாவின் இரண்டு கிலோ இருந்தது.

அம்மாவிடம் சொன்னேன். "வீட்டுல அரிசி இருக்கணும்டா. அதுல என்ன தப்பு? வாங்குன நாள்தான் தப்பு" என்றாள். மாயவரம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். அவள் சின்ன வயசில் வீட்டில் குதிர் இருந்தது. மண்ணைக் குழைத்து உறை உறையாக அடுக்கிக் கட்டியது, கீழே ஒரு சின்ன வாய், அதில் துணியைச் சுருட்டி அடைத்திருப்பார்கள். தை அறுவடையில் நெல் உள்ளே போனால் அடுத்த அறுவடைவரை அந்த வாய் வழியாகத்தான் வீடு சாப்பிடும். புளி வருஷத்துக்கு ஒருமுறை, கொட்டை எடுத்து உப்புப் போட்டுப் பானையில். மிளகாய் மாசி, பங்குனியில். துவரையைச் செம்மண் கட்டிக் காயவைத்து உடைப்பார்கள், வண்டு அண்டாது. அரிசியில் வேப்பிலை, நொச்சி இலை. வெயில் காலம் முழுக்க வற்றல், வடகம். இதையெல்லாம் யாரும் பேரிடர் மேலாண்மை என்று சொல்லவில்லை. குடித்தனம் என்றுதான் சொன்னார்கள்.

அம்மா சொன்னதை யோசிக்க யோசிக்க அது கான்ட் கேட்கிற கேள்வியின் பக்கத்தில் போய் நின்றது. நீ செய்வதை எல்லோரும் செய்தால் என்ன ஆகும்? ஏப்ரல் 25 அன்று எல்லோரும் ஆளுக்கொரு மூட்டை கூடுதலாக வாங்கினால் பத்து மணிக்கே கடை காலி. அதே கோடம்பாக்கம்வாசிகள் எல்லோரும் ஜனவரியில் மாதம் ஒரு கிலோ கூடுதலாக வாங்கி ஒதுக்கியிருந்தால்? யாருக்கும் தெரியாது. ஆலை கொஞ்சம் அதிகமாக அரைத்திருக்கும், லாரி ஒரு நடை கூடுதலாக வந்திருக்கும், விலைகூட அசைந்திருக்காது. இன்னொன்றும் நடந்திருக்கும். ஏப்ரல் 25 அன்று நானும் என் போன்ற நூறு பேரும் அந்தக் கடைக்கே போயிருக்க மாட்டோம். கடைசி மூட்டை பிரிக்கப்பட்டு, இரண்டு இரண்டு கிலோவாகப் பன்னிரண்டு பேருக்குப் போயிருக்கும்.

அப்படியானால் சேர்த்து வைப்பது எனக்காக மட்டும் செய்கிற காரியமில்லை. சேர்த்து வைக்க முடிந்தவன், முடியாதவருக்குச் செய்ய வேண்டிய கடமை அது. கெட்ட நாளில் அவருடைய வரிசையில் போய் நிற்காமல் இருப்பதற்காக நல்ல நாளில் வாங்கி வைக்க வேண்டும். இதை நான் முன்பு இப்படி யோசித்ததே இல்லை. சேமிப்பு என்றால் சுயநலம், பகிர்வு என்றால் அறம் என்று இரண்டையும் எதிரெதிராகவே வைத்துப் பழகிவிட்டோம்.

முடியாதவர் என்று யாரைச் சொல்கிறேன்? எங்கள் கட்டடத்தின் கீழ் போர்ஷனில் ஒரு லைட்மேன் குடும்பம் இருக்கிறது. ஒரே அறை, நான்கு பேர். மழை வந்தால் தரை ஈரம், எலித் தொல்லை. பேட்டா வந்த அன்று சாமான் வாங்குவார்கள். அவர்களிடம் போய் "ஏன் நீங்கள் ரெண்டு வாரத்துக்கு வாங்கி வைக்கவில்லை?" என்று கேட்பது, பசித்தவனிடம் சமச்சீர் உணவு பற்றி வகுப்பெடுப்பது மாதிரி. ஸ்டாக் வைக்கப் பணம் வேண்டும், அந்தப் பணம் ஒரு மாதம் முடங்கிக் கிடந்தாலும் பரவாயில்லை என்ற நிலை வேண்டும், நனையாத இடம் வேண்டும். 2020 மார்ச் 19-ஆம் தேதி படப்பிடிப்புகள் நின்றன. தேசிய ஊரடங்குக்குச் சில நாள் முன்பே கோடம்பாக்கத்தில் பேட்டா நின்றுவிட்டது. ஒரு வாரத்துக்குள் ஃபெப்சி தலைவர் ஆர்.கே. செல்வமணி, தினக்கூலி உறுப்பினர்களுக்கு ஆளுக்கு ஒரு மூட்டை அரிசியாவது கொடுக்க வேண்டும் என்று நடிகர்களிடம் உதவி கேட்டார். கோடிகள் புரளும் தொழில் என்கிறோம். அதன் கையிருப்பு ஒரு வாரத்துக்குக்கூட இல்லை.

சின்னதாக வாங்குபவருக்கு நம் ஊரில் எல்லா வழியிலும் அடிதான். 2022 ஜூலையில் பெயர் அச்சிட்ட பாக்கெட் அரிசிக்கு 25 கிலோவரை 5 சதவீத ஜிஎஸ்டி போட்டார்கள். ஆலைக்காரர்கள் உடனே 26 கிலோ மூட்டை கொண்டுவந்தார்கள். வரி இல்லை. ஐந்து கிலோ பாக்கெட் வாங்குகிறவர் வரி கட்டுவார், மூட்டையாக வாங்கும் நான் கட்டமாட்டேன். இதைச் சொன்னால், "சில்லறையில் அளந்து வாங்கினால் வரி கிடையாதே சார்" என்பார்கள். உண்மைதான். அந்தச் சில்லறைதான் ஏப்ரல் 25 அன்று முதலில் தீர்ந்தது.

சேர்த்து வைக்க இடமில்லாதவருக்குக் குதிர் எது? அரசாங்கத்தின் கிடங்குதான். ரேஷன் கடையை நான் அப்படித்தான் பார்க்கிறேன். இந்த நினைப்பு நமக்குச் சும்மா வரவில்லை. 1876 முதல் 1878 வரை மதராஸ் மாகாணத்தைத் தின்ற தாது வருஷப் பஞ்சத்தில் ரயில் இருந்தது, துறைமுகத்தில் தானியம் குவிந்திருந்தது, ஏற்றுமதிகூட நடந்தது. வாங்கச் சனங்களிடம் காசில்லை. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த கூலியில் தானியம் நாளுக்கு ஒரு பவுண்டுதான், அதாவது அரைக் கிலோகூட இல்லை. 1943 வங்கப் பஞ்சத்தைப் பற்றி அமர்த்தியா சென் 1981-ல் எழுதிய புத்தகத்தில் காட்டியதும் இதையேதான். உணவு இல்லாததால் அல்ல, உணவின்மேல் உரிமை இல்லாததால் செத்தார்கள். விலை ஏறும் என்று வியாபாரி பிடித்து வைத்தார், பயத்தில் வசதியுள்ளவர்கள் வாங்கிக் குவித்தார்கள், கூலியாள் கையில் இருந்த காசு அரிசியைத் தொட முடியாத தூரத்துக்குப் போனது. என் ஒரு மூட்டையை அந்தக் கணக்கோடு ஒப்பிடுவது அதிகப்பிரசங்கித்தனம். ஆனால் இயங்குமுறை ஒன்றுதான்.

1952 ஜூனில் ராஜாஜி மதராஸ் ராஜ்யத்தில் ரேஷனையும் உணவுக் கட்டுப்பாட்டையும் நீக்கினார். அடுத்து மழை நன்றாகப் பெய்தது, பிழைத்தோம். அறுபதுகளின் நடுவில் மழை பொய்த்தபோது பிழைக்கவில்லை. 1965-ல் சாஸ்திரி திங்கட்கிழமை ராத்திரிச் சாப்பாட்டை விடச் சொன்னார். அதே வருஷம் ஜனவரி 14-ல் இந்திய உணவுக் கழகம் தொடங்கியது, அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில். 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்ற வாக்குறுதி ஆட்சியையே மாற்றியது. அண்ணா முதலில் சென்னையிலும் கோவையிலும் ஒரு படியைத் தொடங்கினார். அங்கிருந்து 2008-ல் கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூனிலிருந்து விலையில்லா அரிசி. அதற்குப் பிறகு கட்சிகள் மாறினாலும் அரிசியில் யாரும் கைவைக்கவில்லை. மற்ற மாநிலங்கள் ஏழை யார் என்று பட்டியல் போட்டுப் பிரித்தபோது தமிழ்நாடு எல்லோருக்கும் என்றே வைத்துக்கொண்டது. வேண்டாம் என்பவர் சர்க்கரை அட்டைக்கோ, எந்தப் பொருளும் வேண்டாத அட்டைக்கோ தானே மாறிக்கொள்ளலாம். இது வீண்செலவு என்று கேலி பேசியவர்களில் நானும் ஒருவன். 2020-ல் வாயை மூடிக்கொண்டேன். வேலை போன மறுநாள் போய், "நேற்றிலிருந்து நான் ஏழை" என்று நிரூபிக்க வேண்டிய அவசியம் அட்டை இருந்தவர் யாருக்கும் வரவில்லை.

அட்டை இருந்தவர் என்று சொன்னேன். கீழ்வீட்டு லைட்மேனின் அட்டை அப்போது விழுப்புரம் பக்கம் சொந்த ஊரில், அவருடைய அப்பா பெயரோடு இருந்தது. எந்தக் கடையிலும் வாங்கலாம் என்ற முறை தமிழ்நாட்டில் அந்த வருஷம் அக்டோபரில்தான் வந்தது. நாட்டின் கிடங்கிலோ குறைவில்லை. மத்தியத் தொகுப்பில் ஏப்ரல் 1 அன்று 210 லட்சம் டன், ஜூலை 1 அன்று 411 லட்சம் டன் தானியம் இருக்க வேண்டும் என்பது விதி. அன்று அதைவிட அதிகமாகவே இருந்தது. லட்சம் டன்னுக்கும் இரண்டு கிலோவுக்கும் நடுவில் ஒரு தெரு அகலம்தான். அதைத் தாண்டத்தான் முடியவில்லை.

அரிசி மட்டும் உணவில்லை என்பதை இந்த ஊருக்கு 2015 டிசம்பர் சொல்லிக்கொடுத்தது. அந்த வெள்ளத்தில் எங்கள் வீட்டில் அரிசி இருந்தது, பருப்பு இருந்தது. கரண்ட் இல்லை, அதனால் மோட்டார் இல்லை, அதனால் தண்ணீர் இல்லை. கேன் தண்ணீர் வரவில்லை. ஏடிஎம் வேலை செய்யவில்லை. பால் பாக்கெட் நூறு ரூபாய்க்கு விற்றது. அரிசியை வேகவைக்காமல் தின்ன முடியாது. இரண்டு நாள் எங்களைக் காப்பாற்றியது அவலும் பொட்டுக்கடலையும் வெல்லமும்தான். தமிழ்நாட்டின் மிகப் பழைய அவசரகால ரேஷன் அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஊருக்குப் போகிறவன் மூட்டையில் முடிந்துகொண்டதும் அதையேதான். 2020-ல் இன்னொரு பாடம். ஏப்ரல் கடைசியில் கோயம்பேடு சந்தை பெரிய தொற்று மையமானது. மே 5-ல் மூடினார்கள், காய்கறி திருமழிசைக்குப் போனது. ஒரே சந்தையில் ஊரின் மொத்தக் காய்கறியும் இறங்குவது சௌகரியம். அது நின்றால் அத்தனை வீட்டு அடுப்பிலும் மறுநாளே தெரியும்.

இதில் அரசாங்கம் நம்மிடம் எப்படிப் பேசுகிறது என்பதும் சேர்ந்துகொள்கிறது. ஸ்வீடன் 2018-லும் மறுபடி 2024-லும் எல்லா வீட்டுக்கும் ஒரு கையேடு அனுப்பியது. நெருக்கடி வந்தால் ஒரு வாரம் உங்களை நீங்களே பார்த்துக்கொள்ளும்படி வைத்திருங்கள், உதவி முதலில் முடியாதவர்களுக்குப் போக வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்கிறார்கள். ஜெர்மனி 2016-ல் பத்து நாளுக்கு உணவு, ஐந்து நாளுக்குத் தண்ணீர் வைக்கச் சொன்னபோது அங்கே ஒரே கிண்டல். பீதியில் வாங்கிக் குவிப்பதற்கு அவர்கள் மொழியில் ஹாம்ஸ்டர் கொள்முதல் என்று பெயர், கன்னத்தில் தானியத்தை அடைத்துக்கொள்ளும் அந்தப் பிராணியின் பெயரால். நாலு வருஷம் கழித்து அந்தக் கிண்டல் நின்றது.

நம் ஊரில் 2025 மே மாதம் எல்லையில் சண்டை மூண்டபோது என்ன கேட்டோம்? மே 7 அன்று சென்னைத் துறைமுகத்திலும் கல்பாக்கத்திலும் ஒத்திகை நடந்தது. இரண்டு நாள் கழித்து மத்திய உணவு அமைச்சர், போதுமான இருப்பு இருக்கிறது, வதந்தியை நம்பி வாங்கிக் குவிக்காதீர்கள் என்றார். சண்டிகரில் பதுக்கலுக்குத் தடை ஆணை வந்தது. அமைச்சர் சொன்னது பொய்யில்லை. ஆனால், "தட்டுப்பாடு இல்லை" என்று அரசு சொல்வதைக் கேட்டவுடன் பையை எடுத்துக்கொண்டு ஓடுவதுதானே நம் வழக்கம்? அந்த வாக்கியம் ஆபத்து நாளில் மட்டும் வருகிறது, அதனால் ஆபத்தின் மணியாகவே காதில் விழுகிறது. பருவமழைக்கு முன்னால் உலர் உணவு, தண்ணீர், டார்ச், மருந்து வைத்துக்கொள்ளுங்கள் என்று அறிவுரை வராமலில்லை. செய்தியின் கடைசி வரியாக வந்து போய்விடுகிறது. சாதாரண நாளில், நிதானமாக, இன்னின்ன வீட்டால் முடியும் அவர்கள் வையுங்கள், முடியாதவருக்கு நாங்கள் இந்தத் தெருவில் இந்த இடத்தில் வைத்திருக்கிறோம் என்று ஒரு அரசு சொன்னால் அது பீதியைக் கிளப்பும் என்று நான் நம்பவில்லை. பயந்துவிடுவார்கள் என்று ஒரு செய்தியை மறைப்பது குழந்தையிடம் செய்யலாம். குடிமகனிடம் செய்தால் அவன் ஏப்ரல் 25 அன்று குழந்தை மாதிரித்தான் நடந்துகொள்வான்.

மணிமேகலையில் ஆபுத்திரன் கதை வருகிறது. பசித்து வந்தவர்களுக்காகச் சிந்தாதேவி அவனுக்கு அமுதசுரபி கொடுக்கிறாள். அள்ள அள்ளக் குறையாத பாத்திரம். பிறகு இந்திரன் மழையைக் கொட்டவைத்துவிட, நாடு செழிக்கிறது, அவனைத் தேடி யாரும் வருவதில்லை. பசித்தவரைத் தேடிக் கப்பலேறியவன் ஆளில்லாத மணிபல்லவத்தில் தனியே விடப்படுகிறான். கையில் அமுதசுரபி. தான் மட்டும் உண்ண மனமில்லாமல் அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிர்விடுகிறான். சின்ன வயசில் இது எனக்கு முட்டாள்தனமாகப் பட்டது. இப்போதும் நான் அப்படிச் செய்யமாட்டேன், யாரையும் செய்யச் சொல்லவும் மாட்டேன். ஆனால் குறையாத பாத்திரமே இருந்தாலும் தனியாக உண்பதில் ஏதோ தகாதது இருக்கிறது என்று அவன் நினைத்தது, பத்து கிலோ அரிசியைப் புறாவுக்குப் போட்ட பிறகு கொஞ்சம் புரிகிறது.

அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்றுதான் நம் வீடுகள் பிடி அரிசி என்று ஒன்றை வைத்திருந்தன போல. உலையில் போடுவதற்கு முன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவது. காஞ்சிப் பெரியவர் அதை ஒரு திட்டமாகவே பரப்பினார். தென்மாவட்டத்துச் சபைகளில் கைப்பிடி அரிசிக் காணிக்கை உண்டு. எங்கள் அம்மாவுக்குத் திட்டமெல்லாம் தெரியாது. "கேட்டு வர்றவங்களுக்கு உன் பானையில இருந்து எடுத்தா மனசு கணக்குப் பாக்கும். தனியா இருந்தா பாக்காது" என்பாள். இப்போது எங்கள் பரணில் ஒரு மாத அரிசி இருக்கிறது, பழையது முதலில் வெளியே வருகிற மாதிரி. அவல், பொட்டுக்கடலை, பால் பவுடர், இரண்டு கேன் தண்ணீர், ஒரு சின்ன கேஸ் அடுப்பு. அதில் எவ்வளவு எங்களுடையது என்று அளவு எதுவும் போட்டுக்கொள்ளவில்லை. போட்டிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்தால் இல்லை என்று சொல்லக்கூடாது. "அரிசி நிறைஞ்சு போச்சு" என்பாள் அம்மா. இல்லை என்ற வார்த்தை அடுப்படியில் விழக்கூடாது.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம். கரண்ட் போய், தெருவில் முழங்காலளவு தண்ணீர். மறுநாள் காலையில் மாடிப்படியில் லைட்மேனின் மனைவியைப் பார்த்தேன். கீழ் போர்ஷனுக்குள் தண்ணீர் வந்ததில் குழந்தைகளோடு முதல் மாடி வராந்தாவுக்கு வந்திருந்தார்கள்.

"அரிசி கிரிசி இருக்காம்மா?" என்றேன்.

"நிறைஞ்சிருக்குண்ணே" என்றார்.

எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று தெரியவில்லை. திருப்பிக் கேட்கவும் முடியவில்லை. மேலே போய் ஒரு டப்பாவில் ஐந்து கிலோ போட்டு, சின்ன அடுப்பையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார். அடுப்பு இரண்டு நாளில் திரும்பி வந்தது. டப்பா பொங்கலுக்கு முந்தின வாரம் வந்தது, விளிம்புவரை ரேஷன் அரிசியோடு. வேண்டாம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா உள்ளேயிருந்து, "வாங்கி வைடா" என்றாள்.